பிள்ளைகள் பாடசாலைக்குப் போன பிறகு: பெற்றோருடன் சில வார்த்தைகள்

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான பெற்றோர் சந்திப்பில் எமது நிறுவனத்தின் தொடர்பாடல் உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். சந்திப்புக்கு வரமுடியாமற் போனவர்களின் நன்மை கருதி இங்கே தரப்படுகிறது.)



2011 ஆம் ஆண்டின் முதலாம் தவணை தொடங்கிவிட்டது. உங்களில் பலருடைய பிள்ளைகள் சொந்த ஊர்ப் பாடசாலைக்கு மீண்டும் போகத் தொடங்கியிருக்கிறார்கள். சில பாடசாலைகளுக்குக் கூரை போட்டாயிற்று. சில இன்னும் தகரக் கொட்டகையிலும் மரநிழலிலும் நடக்கின்றன. எப்படி இருந்தாலும் காலையில் மணி அடிக்கிறது, பிள்ளைகள் போகிறார்கள். அது ஒரு நல்ல செய்தி.

பாடசாலை திறப்பதைப் பற்றி எல்லோரும் பிள்ளைகளை வைத்தே கதைக்கிறோம். கொப்பி கிடைத்ததா, சப்பாத்து கிடைத்ததா, ஆசிரியர் வந்தாரா என்று கேட்கிறோம். பிள்ளை போன பிறகு வீட்டில் இருக்கும் உங்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இன்று அதைப் பற்றித்தான் உங்களோடு கதைக்க விரும்புகிறேன்.

வெறுமையாகும் வீடு

கடந்த இரண்டு வருடங்களுக்கு மேலாகப் பிள்ளைகள் எந்நேரமும் உங்கள் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தார்கள். 2008 இன் கடைசியில் தருமபுரம், விசுவமடு என்று பாடசாலைகளும் உங்களோடு சேர்ந்து இடம்பெயர்ந்தன. பிறகு பாடசாலையே இல்லாமற் போனது. அந்த மாதங்களில் பிள்ளையின் கையைப் பிடித்த பிடியை நீங்கள் விடவில்லை. விட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். செட்டிக்குளத்தில், இராமநாதன், ஆனந்தகுமாரசுவாமி, கதிர்காமர், அருணாசலம் என்று பெயரிட்ட நலன்புரி நிலையங்களில், ஒரு கூடாரத்துக்குள் ஏழு எட்டுப் பேர் இருந்தீர்கள். அங்கேயும் தற்காலிகப் பாடசாலை நடந்தது. 2009 ஆகஸ்டில் புலமைப்பரிசில் பரீட்சையையும் உயர்தரப் பரீட்சையையும் பிள்ளைகள் முகாமுக்குள்ளேயே எழுதினார்கள். ஆனால் அந்தப் பாடசாலை கூப்பிடு தூரத்தில் இருந்தது.

இப்போது அப்படியில்லை. பிள்ளை இரண்டு மூன்று கிலோமீற்றர் நடந்தோ சைக்கிளிலோ போகிறது. வளவைச் சுற்றிப் பற்றைக்காடு. அடுத்த வீட்டுக்காரர் இன்னும் வந்து சேரவில்லை. தறப்பாள் கொட்டகைக்குள் நீங்கள் மட்டும் இருக்கிறீர்கள்.

அந்த நேரத்தில் பல தாய்மாருக்கு என்ன நடக்கிறது என்பதை வீடு வீடாகப் போகும் எமது களப் பணியாளர்களிடம் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். நெஞ்சு படபடக்கிறது. அடுப்பில் வைத்தது கருகுவது தெரிவதில்லை. பத்து மணிக்கே ஒழுங்கைக்கு வந்து பாதையைப் பார்க்கிறீர்கள். தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால், அது கல் உடைக்கிற சத்தமானாலும், பாடசாலைப் பக்கம் ஓடத் தோன்றுகிறது. இரவில் எழும்பிப் பாயில் படுத்திருக்கும் பிள்ளைகளை எண்ணிப் பார்க்கிறீர்கள்.

இதை நினைத்து வெட்கப்பட வேண்டாம். உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. நீண்ட காலம் ஆபத்துக்குள் இருந்த உடம்பும் மனமும் ஆபத்து முடிந்ததை உடனே நம்பாது. கண்ணுக்கு முன்னால் பிள்ளை இருந்தால்தான் உயிரோடு இருக்கும் என்று அப்போது பழகிக்கொண்டீர்கள். அந்தப் பழக்கம்தான் அன்று பிள்ளையைக் காப்பாற்றியது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த இப்போது பழக வேண்டியிருக்கிறது. பிள்ளை எழுத்தைப் பழகுகிற மாதிரி, நாளுக்கு நாள், ஒரு சிறு துண்டாக.

எதையாவது செய்துகொண்டிருப்பது உதவும். பிள்ளை போன கையோடு செய்வதற்கு ஒரு வேலையை முதல் நாள் இரவே முடிவு செய்து வையுங்கள். கிணற்றடியைத் துப்பரவாக்கலாம், கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் விடலாம், பக்கத்து வீட்டு அக்காவோடு சேர்ந்து விறகு பொறுக்கப் போகலாம். முதல் ஒரு மணித்தியாலம்தான் கடினம். அந்த நேரத்தைத் தனியே கழிக்காமல் இருந்தால் பாதிச் சுமை குறைந்துவிடும்.

இரண்டு மூன்று மாதமாகியும் நித்திரை வரவில்லை, சாப்பிட முடியவில்லை, அழுகை நிற்கவில்லை, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வருகிறது என்றால் அதை மனதுக்குள் பூட்டி வைக்காதீர்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். மாவட்ட வைத்தியசாலையில் மனநல வைத்தியரைச் சந்திக்க அவர் வழி செய்வார். காய்ச்சலுக்கு மருந்து எடுப்பதில் என்ன குறையோ, அவ்வளவுதான் இதிலும்.

படலையில் பிரிதல்

பிரிவதற்குப் பயப்படுவது பெற்றோர் மட்டுமல்ல. சின்னப் பிள்ளைகள் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டோம் என்று அழுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளைகூட வயிற்றுவலி, தலையிடி என்று காரணம் சொல்கிறது. அந்த வலி பொய்யென்று அடிக்க வேண்டாம். பயம் வயிற்றில் வலியாக வரும்.

சிலர் பிள்ளை வேறு பக்கம் பார்க்கும்போது சொல்லாமல் நழுவி வந்துவிடுகிறார்கள். அழுகையைத் தவிர்க்கலாம் என்று நினைத்துச் செய்வதுதான். ஆனால் சொல்லாமல் காணாமற் போவது எப்படியிருக்கும் என்பது இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கனவே தெரியும். அதனால் சொல்லிவிட்டே வாருங்கள். "அம்மா இப்போது வீட்டுக்குப் போகிறேன். பாடசாலை விட்டதும் இந்த வேப்பமரத்தடியில் நிற்பேன்" என்று இடத்தையும் நேரத்தையும் சொல்லுங்கள். சொன்ன இடத்தில், சொன்ன நேரத்துக்குக் கட்டாயம் நில்லுங்கள். உங்களால் வரமுடியாது, மாமிதான் வருவார் என்றால் காலையிலேயே சொல்லுங்கள். பத்து நாள் சொன்னபடி நடந்தால் பதினோராம் நாள் அழுகை குறையும்.

பிள்ளை உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறது. படலையடியில் நீங்கள் கண் கலங்கினால், போகிற இடம் ஆபத்தானது என்று பிள்ளை எண்ணிக்கொள்ளும். கலங்குவது இயல்பு. பிள்ளை முடக்கைத் தாண்டட்டும், பிறகு அழுங்கள்.

காலையும் மாலையும்

நிவாரணம் எடுக்கும் நேரத்தை வைத்தும், தண்ணீர் பவுசர் வரும் நேரத்தை வைத்தும் வாழ்ந்து பழகிவிட்டோம். பாடசாலை வேறொரு நேர ஒழுங்கைக் கேட்கிறது. அந்த ஒழுங்கு பிள்ளைக்கு மட்டுமின்றி வீட்டுக்கே மருந்து. நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பதே ஒரு நிம்மதி.

காலை அவசரத்தை முதல் நாளே குறைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான வீடுகளில் ஒரு சோடி சீருடைதான் இருக்கிறது. எங்கள் செம்மண் புழுதிக்குள் வெள்ளை உடுப்பு என்ன பாடுபடும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளை வந்ததும் கழற்றி வைத்து, மத்தியான வெயிலிலேயே தோய்த்துப் போட்டால் இருட்டுவதற்கு முன் காய்ந்துவிடும். சிரட்டைக்கரி அயன்பெட்டி ஒன்று நாலைந்து வீட்டுக்குப் போதும். மினுக்காத உடுப்போடு போனாலும் பரவாயில்லை. உடுப்பு ஊத்தை என்பதற்காகப் பிள்ளையை மறிக்காதீர்கள். சப்பாத்து இல்லாவிட்டால் செருப்போடு அனுப்புங்கள். அதிபருக்கு உங்கள் நிலைமை தெரியும்.

வெறும் வயிற்றோடு அனுப்ப வேண்டாம். பெரிய சாப்பாடு வேண்டியதில்லை. நிவாரண மாவில் ஒரு ரொட்டி, இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்த பழஞ்சோறு, அவித்த பயறு, குரக்கன் கஞ்சி, எது இருக்கிறதோ அது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது. மதிய உணவு சமைக்கும் பாடசாலைகளில் பெற்றோர் முறை வைத்துச் சமைக்கிறார்கள். உங்கள் முறை வரும் நாளை மறக்காதீர்கள். அன்று நீங்கள் பிள்ளையின் பாடசாலையை உள்ளிருந்து பார்க்கிறீர்கள். பயந்து கொண்டிருக்கும் தாய்க்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

பாடசாலை விடும் நேரத்துக்கும் நீங்கள் வேலையால் வரும் நேரத்துக்கும் இடையில் ஒரு இடைவெளி இருக்கிறது. கூலி வேலைக்கும் வயல் வேலைக்கும் போகும் வீடுகளில், தாய் மட்டும் உழைக்கும் வீடுகளில், அந்த இரண்டு மூன்று மணித்தியாலம் பிள்ளை தனியே இருக்கிறது. மூத்த பெண்பிள்ளையைப் பாடசாலையால் மறித்துத் தம்பி தங்கையைப் பார்க்க வைப்பது இதற்கு வழியாகாது. மூன்று நான்கு வீட்டார் சேர்ந்து முறை வையுங்கள். ஒரு நாளைக்கு ஒருவர் வேலைக்குப் போகாமல் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளட்டும். வேலைக்குப் போக இயலாத அம்மம்மாமார் இருக்கும் வீட்டில் கூடுவதும் நல்லது. யாருடைய வீட்டில் பிள்ளை நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வீட்டில் யார் யார் வந்து போகிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இரவுப் படிப்புக்குக் குப்பி விளக்குத்தான் பல வீடுகளில். தறப்பாளும் கிடுகும் ஒரு நொடியில் பற்றிக்கொள்ளும். திரி போட்ட போத்தல் விளக்கு சரிந்து மண்ணெண்ணெய் கொட்டிப் பல எரிகாயங்கள் ஏற்படுகின்றன. வைத்தியர் விஜய கொடகும்புர வடிவமைத்த பாதுகாப்பு விளக்கைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அது குட்டையாக, பாரமாக இருக்கும். இரண்டு பக்கம் தட்டை, மூடி திருகுமூடி. சரிந்தாலும் உருளாது, எண்ணெய் கொட்டாது. அது கிடைக்காவிட்டால், உள்ள விளக்கை மண் நிரப்பிய தகரப் பேணிக்குள் புதைத்து வையுங்கள். பிள்ளையின் தலைமயிரும் கொப்பியும் எட்டாத தூரத்தில் இருக்கட்டும். முடிந்தவரை வீட்டுப்பாடத்தை வெளிச்சம் இருக்கும்போதே முடிக்கச் சொல்லுங்கள்.

பாதையும் பழைய இரும்பும்

இந்தப் பகுதியைக் கவனமாகக் கேட்டு, வராதவர்களுக்கும் சொல்லுங்கள்.

பாடசாலைக்குப் போகும் பாதையைப் பிள்ளையோடு முதலில் நீங்கள் நடந்து பாருங்கள். ஆட்கள் வழமையாகப் போய்வரும் பாதையால் மட்டுமே போக வேண்டும், குறுக்கு வழியால் போகக் கூடாது என்று சொல்லுங்கள். சிவப்புப் பலகையில் மண்டையோடு கீறியிருந்தால் அதற்கு அப்பால் ஒரு அடியும் வைக்கக் கூடாது. நாவல் பழுத்திருந்தாலும், பந்து போய் விழுந்தாலும், மாடு போனாலும் போகக் கூடாது. பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பானது என்றும் எண்ண வேண்டாம். இடிந்த வீடு, பாழ்கிணறு, பங்கர், மண் அணை இவற்றுக்குள் இறங்கக் கூடாது.

புதிதாக, வடிவாக, பளபளப்பாக எது கிடந்தாலும் தொடக் கூடாது, கிட்டப் போகக் கூடாது, கல்லால் எறியக் கூடாது. வந்து பெரியவரிடம் சொல்ல வேண்டும். சொன்ன பிள்ளையை "ஏன் அங்கே போனாய்" என்று அடித்தால், அடுத்த முறை சொல்லாது. சொன்னதற்குப் பாராட்டிவிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ கண்ணிவெடி விழிப்புணர்வுப் பணியாளருக்கோ உடனே அறிவியுங்கள். ஆபத்தான இடத்துக்குள் வந்துவிட்டதாகப் பிள்ளைக்குத் தோன்றினால், நின்ற இடத்திலேயே அசையாமல் நின்று சத்தமாகக் கூப்பிட வேண்டும். இதை வீட்டு முற்றத்தில் விளையாட்டாக இரண்டு மூன்று தரம் பழக்குங்கள்.

இன்னொரு விடயம். பழைய இரும்பு வாங்கும் லொறிகள் ஊருக்குள் வருகின்றன. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெடியங்கள் பாடசாலையை விட்டுவிட்டு உரப்பையோடு பற்றைக்குள் இறங்குகிறார்கள். ஒரு நாளில் கிடைக்கும் காசு வீட்டுக்கு உதவுகிறது. அது எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். வீட்டில் ஒரு பொழுது அடுப்பு எரிவதே அந்தக் காசில்தான் என்ற நிலைமையும் இருக்கிறது. ஆனால் அந்தப் பையன் தட்டிப் பார்க்கும் இரும்பு எது என்று அவனுக்குத் தெரியாது. வாங்குபவருக்கும் தெரியாது. இவ்வளவு தூரம் காப்பாற்றிக் கொண்டுவந்த பிள்ளையை ஒரு கிலோ இரும்புக்காக இழக்கக் கூடாது. காசுக் கஷ்டம்தான் காரணம் என்றால் அதை மறைக்காமல் கிராம அலுவலரிடமும் எம்மிடமும் சொல்லுங்கள். துப்பரவு வேலை, வீதி வேலை, வாழ்வாதார உதவி என்று வளர்ந்தவருக்குக் கிடைக்கக்கூடிய வழியை முதலில் தேடுவோம். சிறு பிள்ளையை வேலைக்கு அமர்த்துவது சட்டப்படி குற்றம். பிள்ளை பாடசாலை செல்வதும் சட்டப்படி கட்டாயம்.

திரும்பி வந்த பிள்ளை

பிள்ளை வந்ததும் "என்ன படித்தாய், கொப்பியைக் காட்டு" என்று தொடங்க வேண்டாம். முகம் கழுவிச் சாப்பிடட்டும். "இன்றைக்கு யாருக்குப் பக்கத்தில் இருந்தாய்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் வந்தால் மற்றது தானாக வரும்.

பிள்ளைகள் படிப்பில் பின்தங்கித்தான் இருக்கிறார்கள். தரம் 5 இல் இருக்கும் பிள்ளைக்கு வாசிக்கத் தடுமாற்றம், தரம் 8 இல் இருக்கும் பிள்ளைக்குப் பெருக்கல் வாய்ப்பாடு மறந்துவிட்டது. அது சோம்பலால் வந்ததில்லை. பல பாடசாலைகளில் விடுபட்ட பாடங்களைச் சுருக்கிக் கற்பிக்கும் விரைவுக் கற்றல் வகுப்புகள் நடக்கின்றன. உங்கள் பிள்ளை அதில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். வயது கூடிய பிள்ளையைச் சின்ன வகுப்பில் இருத்தினால் வெட்கத்தில் இடைவிலகிவிடும். அப்படி நேர்ந்தால் அதிபரிடம் கதையுங்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் பெரியம்மாவின் பிள்ளையோடும் வெளிநாட்டுப் பிள்ளைகளோடும் ஒப்பிட வேண்டாம். நேற்றை விட இன்று ஒரு வரி கூட வாசித்தால் அது முன்னேற்றம்.

உங்களுக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்றால் பிள்ளைக்கு உதவ முடியாது என்று எண்ணாதீர்கள். பக்கத்தில் இருந்து கேளுங்கள். "நீ வாசி, அம்மா கேட்கிறேன்" என்றால் போதும். சொல்லிக் காட்டும்போது பிள்ளைக்குப் பாடம் பதியும்.

படுக்கையில் சிறுநீர் போவது, கெட்ட கனவு, சின்ன விடயத்துக்கும் கோபம், பேசாமல் ஒதுங்கியிருப்பது, படம் கீறச் சொன்னால் ஒரே விதமான படத்தைக் கீறுவது, இவையெல்லாம் பல பிள்ளைகளிடம் இருக்கின்றன. திட்டியும் அடித்தும் மாற்ற முடியாது. பாயை மாற்றிவிட்டு, "பரவாயில்லை, படு" என்று சொன்னால் போதும். நடந்ததைப் பற்றிப் பிள்ளை தானாகக் கதைத்தால் கேளுங்கள். கதைக்காவிட்டால் துருவ வேண்டாம். அநேகமான பிள்ளைகள் விளையாட்டாலும் நண்பர்களாலும் நாளாந்த ஒழுங்காலும் மெல்ல மெல்லத் தேறிவருவார்கள். தேறாமல் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போனால், வகுப்பாசிரியரிடமோ பாடசாலையின் ஆலோசனை ஆசிரியரிடமோ சொல்லுங்கள்.

படிவத்தில் ஒரு கேள்வி

பாடசாலை என்றதும் ஆவணம் வந்துவிடும். பிறப்புச் சான்றிதழ், பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரம், பிள்ளையின் சுகாதார அட்டை. இவற்றை நீங்கள் எங்கே, எப்படித் தொலைத்தீர்கள் என்று கேட்க வேண்டியதில்லை. ஆவணம் இல்லை என்பதற்காகப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். முதலில் அதிபரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பிறகு ஆவணத்தைத் தேடலாம். பிறப்புப் பதிவின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். பதிவேட்டில் பதிவே கிடைக்காத பிள்ளைக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் பெறும் ஒழுங்கு இருக்கிறது. நடமாடும் சேவை நடக்கும் நாளை கிராம அலுவலர் அறிவிப்பார். அன்று போனால் ஒரே இடத்தில் பல அலுவல்களை முடிக்கலாம். சாதாரணதரப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளின் அடையாள அட்டை விண்ணப்பம் அதிபர் ஊடாகப் போகிறது. அதைக் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள்.

சேர்க்கைப் படிவத்தில் தந்தையின் பெயர், தந்தையின் தொழில் என்று இரண்டு வரி இருக்கிறது. உங்களில் சிலருக்கு அந்த வரி வந்ததும் பேனை நின்றுவிடுகிறது. இறந்தவர் என்றால் எழுதலாம். எங்கே இருக்கிறார் என்று தெரியாதவரைப் பற்றி என்ன எழுதுவது? இறந்துவிட்டார் என்று எழுத உங்கள் கை வராது. எழுதவும் வேண்டாம். பெயரை எழுதுங்கள். தொழில் வரியை வெறுமையாக விட்டு, பாதுகாவலர் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள். அதிபரிடம் தனியே நிலைமையைச் சொல்லுங்கள்.

வகுப்பிலும் இந்தக் கேள்வி வரும். "அப்பா என்ன வேலை?" என்று பக்கத்துப் பிள்ளை கேட்கும். அதற்குப் பிள்ளையை முன்கூட்டியே ஆயத்தப்படுத்துங்கள். உண்மையான, சுருக்கமான ஒரு பதில் போதும். "அப்பாவைத் தேடிக்கொண்டிருக்கிறோம். நான் அம்மாவோடு இருக்கிறேன்." பிள்ளைக்குப் பொய் சொல்லி வைக்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கிறார், பொங்கலுக்கு வருவார் என்று சொன்னால், பிள்ளை பொங்கலை எண்ணிக்கொண்டிருக்கும். பொங்கல் போனதும் உங்கள் வார்த்தையையும் நம்பாது.

வகுப்பாசிரியருக்கும் தெரியப்படுத்துங்கள். "எனது தந்தை" என்று கட்டுரை எழுதச் சொல்வதற்கு முன் அவர் ஒரு நிமிடம் யோசிப்பார்.

பாடசாலைக்குப் போகாத பிள்ளை

இதைச் சொல்லாமல் விட்டால் நான் எல்லாவற்றையும் சொன்னதாகாது. இங்கே இருப்பவர்களில் சிலருடைய வீட்டில் மூன்று பிள்ளைகள் போக வேண்டிய இடத்தில் இரண்டு பிள்ளைகள் போகிறார்கள். சிலருடைய வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. காலையில் அதே வயதுப் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு ஒழுங்கையால் போகும்போது, கதவுக்குப் பின்னால் நிற்கிறீர்கள். "இந்த வருடம் தரம் ஆறுக்குப் போயிருப்பாள்" என்ற கணக்கு மனதுக்குள் ஓடுகிறது.

அந்தக் கணக்கை நிறுத்தச் சொல்லும் உரிமை எனக்கில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். வீட்டில் இருக்கும் மற்றப் பிள்ளைகளும் அதே கணக்கைச் செய்துகொண்டிருக்கிறார்கள். அண்ணாவின் பெயரைச் சொன்னால் அம்மா அழுவா என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். நீங்களாக அந்தப் பெயரைச் சொல்லுங்கள். "அண்ணாவுக்குக் கணக்கு நல்லாய் வரும், என்ன?" என்று சொன்னால், பிள்ளைக்கும் பேசலாம் என்று தெரியும். சேர்ந்து அழுதாலும் குற்றமில்லை. இருக்கும் பிள்ளையின் தலையில் இரண்டு பேருடைய படிப்பையும் ஏற்றிவிட மட்டும் வேண்டாம். அது அதன் படிப்பைப் படிக்கட்டும்.

அயலில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அப்படிப்பட்ட தாயைப் பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிடாமல் விடாதீர்கள். பிள்ளை இல்லை என்று ஒதுக்க வேண்டாம். பாடசாலைச் சமையலுக்கும் சிரமதானத்துக்கும் வரச்சொல்லிக் கேளுங்கள். வருவதும் வராததும் அவருடைய விருப்பம். கேட்பது எங்கள் கடமை.

பாடசாலை உங்களுடையது

ஒவ்வொரு அரச பாடசாலையிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது. பெற்றோர் அதில் அங்கத்தவர். கூட்டத்துக்குப் போங்கள். மலசலகூடம் பூட்டிக் கிடக்கிறதா, குடிதண்ணீர்க் கிணறு இறைக்கப்பட்டதா, பெண்பிள்ளைகளுக்குத் தனி இடம் இருக்கிறதா, ஆசிரியர் எத்தனை நாள் வருகிறார் என்று கேட்கலாம். பயப்படத் தேவையில்லை. இந்த நாட்டில் கல்வி 1945 முதல் இலவசம். பாடநூலும் இலவசம், சீருடைத் துணியும் இலவசம். இவை யாரும் போடும் பிச்சை இல்லை, உங்கள் பிள்ளையின் உரிமை. கிடைக்காவிட்டால் அதிபரிடமும், அங்கேயும் முடியாவிட்டால் வலயக் கல்வி அலுவலகத்திலும் கேளுங்கள்.

அதேநேரம் ஆசிரியர்களும் உங்களைப் போல இடம்பெயர்ந்து வந்தவர்கள்தான் என்பதை மறக்க வேண்டாம். அவர்களுடைய வீடும் உடைந்துதான் கிடக்கிறது. தூரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறார்கள். ஒரு செம்பு தண்ணீரும் ஒரு நல்ல வார்த்தையும் கொடுக்க எல்லோராலும் முடியும்.

இந்தக் கிழமை செய்யக்கூடியவை

கேட்டதெல்லாம் மனதில் நிற்காது. ஆகவே, ஐந்து விடயங்களை மட்டும் இந்தக் கிழமைக்குள் செய்யுங்கள்.

1. பாடசாலைப் பாதையைப் பிள்ளையோடு ஒரு தரம் நடந்து பாருங்கள். போகக் கூடாத இடங்களைக் கையால் காட்டுங்கள்.

2. காலையில் சொல்லிவிட்டுப் பிரியுங்கள். திரும்ப எங்கே சந்திப்பது என்பதைச் சொல்லி, அங்கே நில்லுங்கள்.

3. பாடசாலை விட்ட பின் பிள்ளை எங்கே நிற்பது என்று அயலாரோடு கதைத்து முறை வையுங்கள்.

4. வகுப்பாசிரியரை ஒரு முறை நேரில் சந்தியுங்கள். உங்கள் வீட்டு நிலைமையில் அவர் அறிய வேண்டியதைச் சொல்லுங்கள்.

5. தொலைந்த ஆவணங்களின் பெயரை ஒரு தாளில் எழுதி, கிராம அலுவலரிடம் கொண்டுபோங்கள். எழுத இயலாவிட்டால் எமது களப் பணியாளர் எழுதித் தருவார்.

இவற்றோடு உங்களுக்கென்றும் ஒன்று. பிள்ளை பாடசாலையில் இருக்கும் நேரத்தில் நீங்கள் ஒரு தேத்தண்ணி வைத்து, ஆறுதலாக இருந்து குடியுங்கள். பிள்ளை அங்கே படித்துக்கொண்டிருக்கிறது. மணி அடித்ததும் வரும். இன்றைக்கு நம்ப முடியாவிட்டால் நாளைக்குக் கொஞ்சம் நம்புங்கள்.

கேள்விகள் இருந்தால் எமது களப் பணியாளர் கிராமத்துக்கு வரும் நாளில் கேளுங்கள். வெளியே கேட்க முடியாத விடயம் என்றால் தனியே கேட்கலாம். நீங்கள் சொல்வது வேறு யாருக்கும் போகாது.